காலணாவில் ஒரு கடை விளம்பரம்

சின்னதாக ஒரு கற்பனை. வருடம் 1868. ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரம். நீங்கள் அங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கிறீர்கள். சுற்றுவட்டார ஊர்களில் உங்களுக்கு 300 வாடிக்கையாளர்கள். குளிர்காலம் வரப்போகிறது. நல்ல கம்பளித் துணி வந்து இறங்கியிருக்கிறது. இந்தச் சேதியை அந்த 300 பேர் காதிலும் எப்படிப் போடுவீர்கள்?

பேப்பரில் விளம்பரம் கொடுக்கலாம். ஆனால், அதெல்லாம் பெரிய கடைக்காரர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். காசைக் கொட்டிவிட்டு, நம்ம ஆட்கள் அதைப் பார்த்தார்களோ இல்லையோ என்று வாசலையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

சரி, ஆளுக்கொரு கடிதம் போட்டால்? ஒரு கடிதத்துக்குத் தபால் கட்டணம் 5 க்ராய்சர். 300 கடிதத்துக்கு 1500 க்ராய்சர். அதாவது, 15 குல்டன். துணியில் வரப்போகும் லாபத்தைத் தபால்காரரிடமே தூக்கிக் கொடுத்துவிட வேண்டியதுதான்!

நோட்டீஸ் அடித்து அனுப்பலாமே என்கிறீர்களா? அச்சடித்த காகிதங்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டுதான். ஆனால், அதில் ஒரு வில்லங்கம். 'ஐயா, நீங்கள் கேட்ட நீலக்கலர் துணி வந்துவிட்டது' என்று கையால் ஒரு வரி சேர்த்தீர்களோ, போச்சு! அது நோட்டீஸ் இல்லை, கடிதம். எடு முழுக் கட்டணத்தை!

ஆக, மலிவாக அனுப்பினால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மலிவாக அனுப்ப முடியாது. சின்னக் கடைக்காரர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழித்தார்கள்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் வியாபாரி அல்ல. பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த வாத்தியார்!

இமானுவேல் ஹெர்மான் என்று பெயர். வீனர் நாய்ஸ்டாட் நகரத்து ராணுவக் கல்லூரியில் பேராசிரியர். 1869 ஜனவரி 26-ம் தேதி வியன்னாவின் பிரபல நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் கேட்டது ரொம்ப எளிமையான கேள்வி. 'வந்து சேர்ந்தேன்', 'சரக்கு அனுப்பவும்', 'பணம் கிடைத்தது' - இந்த மாதிரி ரெண்டு வார்த்தை சொல்வதற்கு எதற்கய்யா நல்ல காகிதம், உறை, அரக்கு, 'மகா கனம் பொருந்திய' என்று நீட்டி முழக்கும் மரியாதை எல்லாம்? ஒரு சின்ன அட்டை போதாதா? தந்தி மாதிரி 20 வார்த்தைக்குள் எழுதட்டும், கட்டணத்தைக் குறைத்து வாங்குங்கள் என்றார்.

ஆச்சரியம் என்னவென்றால், அரசாங்கம் உடனே காது கொடுத்துக் கேட்டது. அதே வருடம் அக்டோபர் 1-ம் தேதி உலகத்தின் முதல் அரசாங்கத் தபால் கார்டு ஆஸ்திரியா - ஹங்கேரியில் விற்பனைக்கு வந்தது. 20 வார்த்தை நிபந்தனையைக்கூட விட்டுவிட்டார்கள். விலை 2 க்ராய்சர்.

இப்போது உங்கள் ஜவுளிக்கடைக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். 300 கார்டு, 600 க்ராய்சர், 6 குல்டன். 15 எங்கே, 6 எங்கே! அதுவும் கையால் எழுதி, பெயர் சொல்லி, கையெழுத்துப் போட்டு. முதல் மூன்று மாதத்தில் மட்டும் சுமார் 29 லட்சம் கார்டுகள் விற்றன.

இதே யோசனையை நாலு வருடம் முன்பே, 1865-ல் ஒருவர் சொல்லியிருந்தார். பிரஷ்யாவின் தபால் அதிகாரி ஹைன்ரிச் ஃபான் ஸ்டெஃபான். அப்போது அது எடுபடவில்லை. கடிதத்தை மூடாமல், ஊரே படிக்கிற மாதிரி திறந்து அனுப்புவதா, அசிங்கமாக இருக்காதா என்பது அந்தக் காலத்துத் தயக்கங்களில் ஒன்று. இந்தத் 'திறந்த கடிதம்' சமாசாரம் லேசுப்பட்டதல்ல. கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

ஆஸ்திரியாவில் ஹிட் ஆனதும் மற்ற நாடுகளும் வரிசையில் வந்து நின்றன. 1870 ஜூலையில் வட ஜெர்மனி. அங்கே ஓல்டன்பர்க் என்ற ஊரில் ஆகஸ்ட் ஷ்வார்ட்ஸ் என்று ஒரு புத்தக வியாபாரி. கார்டு வந்த பதினைந்தே நாளில், ஜூலை 16-ம் தேதி, ஒரு கார்டின் ஓரத்தில் பீரங்கியோடு ஒரு சிப்பாய் நிற்கிற குட்டிப் படத்தை அச்சடித்து மாமனார் வீட்டுக்கு அனுப்பினார். பிரான்ஸோடு யுத்தம் மூளப்போகிற நேரம். 'அடடே, இதில் படம்கூடப் போடலாமா?' என்று கதவைத் திறந்துவிட்டவர்களில் இவரும் ஒருவர். பின்னாளில், 1875-ல், படம் போட்ட கார்டுகளைத் தொகுதியாகவே வெளியிட்டார். சொந்த அச்சு வசதி வைத்திருந்த ஒரு லோக்கல் கடைக்காரருக்குத்தான் அந்த யோசனை வந்தது என்பதைக் கவனியுங்கள்.

1870 அக்டோபர் 1, பிரிட்டன். கடிதத்துக்கு ஒரு பென்னி, கார்டுக்கு அரைப் பென்னி. முதல் வருடத்தில் போன கார்டுகள் சுமார் ஏழரைக் கோடி!

அங்கேதான் முதல் சண்டையும் வெடித்தது. அரைப் பென்னி என்பது ஸ்டாம்புக்கு மட்டும். அட்டை இலவசம். 'அரசாங்கமே அட்டையைச் சும்மா கொடுத்தால் எங்களிடம் யார் காகிதம் வாங்குவார்கள்?' என்று ஸ்டேஷனரிக் கடைக்காரர்கள் கொடி பிடித்தார்கள். ஜவுளிக் கடைக்காரருக்கு வரம். பக்கத்திலேயே இருக்கும் பேப்பர்க் கடைக்காரருக்குச் சாபம். அரசாங்கம் கொஞ்சம் இறங்கி வந்து அட்டைக்கும் காசு வாங்க ஆரம்பித்தது. ஆனாலும், யார் வேண்டுமானாலும் சொந்தமாக அட்டை அடித்து, அரைப் பென்னி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பலாம் என்ற அனுமதி கிடைக்க 1894 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவுக்கு வாருங்கள். அங்கே கதை இன்னும் ருசிகரம்.

அமெரிக்காவில் தபாலில் போன அட்டைகளில் மிகப் பழையதாகத் தெரிய வருவது 1848 டிசம்பர் முத்திரையோடு இருக்கிறது. அரசாங்கக் கார்டு பிறப்பதற்கு 25 வருடம் முன்பு. அதில் என்ன இருந்தது தெரியுமா? காதல் கடிதம் இல்லை, வாழ்த்து இல்லை. அச்சடித்த விளம்பரம்!

1861-ல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஜான் சார்ல்டன் தனியார் தபால் அட்டைக்குக் காப்பிரைட் வாங்கினார். அந்த உரிமையை விலைக்கு வாங்கியவர் அதே ஊர் ஸ்டேஷனரி வியாபாரி ஹைமன் லிப்மேன். பென்சிலின் ஒரு முனையில் ரப்பரை வைத்து 1858-ல் காப்புரிமை வாங்கினாரே, அதே லிப்மேன்தான். மனுஷனுக்குச் சின்னச் சின்ன விஷயத்தில் பெரிய மூளை! ஆனால், 1873 மே மாதம் அமெரிக்க அரசே ஒரு சென்ட்டுக்கு கார்டு வெளியிட்டதும் லிப்மேன் அட்டையின் கதை முடிந்தது. அப்போது கடிதத்துக்கு 3 சென்ட். மூன்றில் ஒரு பங்கு விலையில் கார்டு கிடைத்தால் யார் விடுவார்கள்?

கடைக்காரர்கள் பாய்ந்தார்கள். தபாலாபீஸில் கட்டுக்கட்டாக வெற்றுக் கார்டு வாங்க வேண்டியது. தெருமுனை அச்சாபீஸில் கொடுத்துப் பின்பக்கம் சேதியை அடிக்க வேண்டியது. நடுவில் ஒரு இடத்தை மட்டும் காலியாக விட்டு, தேதியையோ விலையையோ கையால் நிரப்ப வேண்டியது. மொத்த வியாபாரிகள், 'எங்கள் பிரதிநிதி இன்ன தேதி உங்கள் ஊருக்கு சாம்பிளோடு வருகிறார். அதுவரை வேறு யாருக்கும் ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள்' என்று முன்கூட்டியே கார்டு போட்டார்கள். விற்பனையாளர் ரயிலைவிட்டு இறங்கும்போது ஊர்க்கடைக்காரர் அவருக்காகக் காத்திருப்பார்!

நல்லது நடந்தால் கெட்டதும் நடக்கத்தானே செய்யும்? 'திறந்த கடிதம்' என்று சொன்னேனே, அது இங்கேதான் தலைகாட்டியது. கடன் பாக்கியை வசூலிக்கவும் கடைக்காரர்கள் கார்டைப் பிடித்துக்கொண்டார்கள். 'ஆறு மாதமாகப் பணம் தரவில்லை. வெட்கமாக இல்லையா?' - இதைத் தபால்காரர் படிப்பார், பக்கத்து வீட்டுக்காரர் படிப்பார், வீட்டு வேலைக்காரர் படிப்பார். கடன்காரருக்கு மானம் கப்பலேறும். ஒரு சென்ட் செலவில் ஒரு மனிதனை ஊர் நடுவே நிறுத்திவைக்கிற வித்தை!

இது எல்லை மீறிப் போகவே, 1888-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. மிரட்டுகிற மாதிரியோ, அவமானப்படுத்துகிற மாதிரியோ வெளியே தெரிய எழுதிய கார்டுகளைத் தபாலில் அனுப்பக் கூடாது. இங்கிலாந்து நீதிமன்றங்களும் அவதூறு வழக்குகளில், கார்டில் எழுதினால் அது நாலு பேர் படித்ததற்குச் சமம் என்றே எடுத்துக்கொண்டன. வாடிக்கையாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். ஆனால், எதற்காகக் கூப்பிடுகிறோம் என்பதில் ஒரு மரியாதை வேண்டும். வியாபார உலகம் அந்தப் பாடத்தைச் சட்டத்தின் வாயால் கேட்க வேண்டியதாகிவிட்டது.

1898-ல் அமெரிக்காவிலும் தனியார் அட்டைகளுக்கு ஒரு சென்ட் சலுகை வந்தது. 1903-ல் கோடக் கம்பெனி ஒரு கேமராவைக் கொண்டுவந்தது. அதில் எடுக்கிற படம் சரியாகத் தபால் கார்டு சைஸில் இருக்கும். அவ்வளவுதான், ஊர் ஊராக இறைச்சிக் கடைக்காரரும், சலூன்காரரும், மளிகைக் கடைக்காரரும் கடை வாசலில் ஏப்ரனோடு நின்று போட்டோ எடுத்து, அதையே கார்டாக்கி விட்டார்கள். இன்றைக்கு அந்தக் கார்டுகளைச் சேகரிப்பவர்கள் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். 1908 ஜூனோடு முடிந்த ஒரே வருடத்தில் அமெரிக்கத் தபாலில் போன கார்டுகள் 67 கோடியே 77 லட்சத்துக்கும் மேல். அப்போது அந்த நாட்டின் மக்கள்தொகை 9 கோடியைக்கூடத் தொடவில்லை.

சரி, நம்ம ஊர்?

1879 ஜூலை 1. விக்டோரியா மகாராணியின் தலை போட்ட பழுப்புநிற ஸ்டாம்போடு இந்தியாவின் முதல் தபால் கார்டு வந்தது. லண்டனில் டி லா ரூ கம்பெனி அச்சடித்தது. விலை காலணா. கடிதத்துக்கு அரையணா.

அது மட்டும் வந்திருந்தால் பெரிய விஷயமில்லை. கூடவே இரண்டு தோழர்கள் சேர்ந்துகொண்டார்கள். 1877-ல் வி.பி.பி. என்ற ஏற்பாடு வந்திருந்தது. பார்சலைக் கொடுத்துவிட்டு, பொருளுக்கான பணத்தையும் தபால்காரரே வாங்கி அனுப்புவார். 1880-ல் மணியார்டர் தபாலாபீஸின் கைக்கு வந்தது. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். காலணாவில் ஆர்டர், வி.பி.பி.யில் சரக்கு, மணியார்டரில் பணம். கடைக்குக் கிளை வேண்டாம், ஏஜென்ட் வேண்டாம். நாட்டின் எந்த மூலையில் தபாலாபீஸ் இருக்கிறதோ, அது உங்கள் கிளை!

பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டியவர்களுக்கு இது புரியும். லேகியம், கடிகாரம், புத்தகம், விதை... எதுவாக இருந்தாலும் கடைசி வரி 'ஒரு கார்டு எழுதினால் விலைப்பட்டியல் இலவசம்' என்கிற ரீதியில்தான் முடியும்.

நம்ம ஊரில் கார்டுக்கு இன்னொரு பலமும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் கார்டைத் தபால்காரரே வாசித்துக் காட்டுவார். வாசிக்கும்போது திண்ணையில் இருப்பவர்களும் கேட்பார்கள். வெள்ளைக்காரர்கள் எந்தத் 'திறந்த கடித'த்துக்குத் தயங்கினார்களோ, அதுவே இங்கே இலவச விளம்பரம்! 'ஐயா, நமஸ்காரம். தாங்கள் போன மாதம் விசாரித்த சாமான் வந்து சேர்ந்தது. பத்து நாளைக்குத் தங்களுக்காக எடுத்து வைத்திருப்போம்' - இப்படி ஒரு கார்டு வந்தால் ஒருவருக்குச் சேதி போனதாக அர்த்தமில்லை. தெருவுக்கே போய்விட்டது.

கடைத் திறப்பு விழாவா? நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கார்டு. சீட்டு ஏலமா? கார்டு. பார்சல் வந்துவிட்டதா? கார்டு. இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்ட வேண்டிய தேதியா? ஏஜென்ட் தன் கைப்பட எழுதிய கார்டு. நடுத்தர வயதைத் தாண்டிய வாசகர்கள் வீட்டில், கம்பியில் குத்திவைத்த பழைய கார்டுகளில் பாதி இந்த ரகமாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால், இதற்கெல்லாம் உண்மையில் யார் காசு கொடுத்தார்கள்? இந்தக் கேள்வியை நாம் கேட்டே ஆக வேண்டும்.

சுதந்திர இந்தியாவில் தபால் கார்டு 'ஏழைகளின் கடிதம்'. அதனால், அடக்கவிலைக்கும் கீழேதான் விற்றார்கள். 2016-17 கணக்குப்படி ஒரு கார்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தபால்துறைக்கு ஆன செலவு சுமார் 12 ரூபாய். கிடைத்தது 50 பைசா! மீதியை நீங்களும் நானும் வரியாகக் கொடுத்தோம். வியாபாரத்துக்காக இந்தச் சலுகையைப் பயன்படுத்தலாமா என்று தபால்துறை முணுமுணுத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை.

1990-களில் தூர்தர்ஷனில் 'சுரபி' என்ற நிகழ்ச்சி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதன் வினாடி வினாவுக்கு ஒரே வாரத்தில் 14 லட்சம் கடிதங்கள் வந்து குவிந்தன. தபால்துறை ஆடிப்போய்விட்டது. போட்டிகளுக்கென்றே தனியாக, கூடுதல் விலையில் 'போட்டித் தபால் கார்டு' வந்தது. அச்சடித்த சேதிக்கும் தனிக் கட்டணம் வைத்தார்கள். கையால் எழுதினால் 50 பைசா, அச்சடித்தால் 6 ரூபாய். பன்னிரண்டு மடங்கு! 300 வாடிக்கையாளருக்குக் கையால் எழுதினால் 150 ரூபாய். அச்சடித்தால் 1,800 ரூபாய்.

இன்னொரு பக்கம், 2002-ல் தபால்துறையே விளம்பரத் தொழிலில் குதித்தது. முகவரிப் பக்கத்தில் விளம்பரம் அச்சடித்த 'மேக்தூத்' கார்டு. காளிதாசன் மேகத்தைத் தூது அனுப்பினானே, அந்தப் பெயர். விலை 25 பைசா, சாதா கார்டில் பாதி. மிச்சக் காசை விளம்பரதாரர் கொடுப்பார். நல்ல யோசனைதான். வாங்குகிற ஏழைக்கு லாபம், துறைக்கும் வருமானம். ஆனால், அந்த இடத்தை வாங்க மொத்தமாக ஆர்டர் கொடுக்கிற வசதி வேண்டும். அரசுத் துறைகளும் பெரிய கம்பெனிகளும் கொடுக்கலாம். 300 வாடிக்கையாளர்கள் இருக்கிற ஜவுளிக்கடைக்காரர்?

அவருக்கு மிஞ்சியது அந்த 50 பைசா கார்டும் ஒரு பேனாவும்தான். ராத்திரி கடையை மூடிவிட்டு ஒவ்வொன்றாக எழுத வேண்டும்.

இதை நான் சலுகையைத் துஷ்பிரயோகம் செய்ததாக நினைக்கவில்லை. 300 கார்டு எழுதுகிறவர், தபால்துறையை மூழ்கடிக்கிற ஆசாமி அல்ல. பெரிய கம்பெனிக்கு டி.வி. இருக்கிறது, பேப்பரின் முதல் பக்கம் இருக்கிறது. தெருமுனைக் கடைக்காரருக்குத் தன் வாடிக்கையாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு மலிவான வழி வேண்டும். வேலைக்குப் போன மகனுக்கு அம்மா எழுதுகிற கார்டுக்கு மானியம் கொடுக்கலாம் என்றால், அந்த அம்மாவிடம் 'புதுப் புடவை வந்திருக்கிறது' என்று சொல்லிப் பிழைக்கிறவருக்கும் கொஞ்சம் கொடுக்கலாம். தவறே இல்லை.

இப்போது செல்போன் வந்துவிட்டது. ஒரே தட்டலில் 300 பேருக்கு என்ன, 3,000 பேருக்கு அனுப்பலாம். செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால், உங்களுக்கு வருகிற விளம்பர மெசேஜ்களில் எத்தனையை முழுசாகப் படிக்கிறீர்கள்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!

கார்டுக்குக் காசு ஆனது. அது காலணாவாக இருந்தாலும் காசு. அதனால் கடைக்காரர் யோசித்தார். இவருக்கு அனுப்பலாமா? போன தீபாவளிக்கு வந்தாரா? என்ன கேட்டார்? அந்த யோசனையெல்லாம் சேர்ந்துதான் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முகவரி நோட்டாக இருந்தது. பெயர், தெரு, கேட்ட பொருள், மகளுக்குக் கல்யாணம் எப்போது என்பதுவரை. கார்டு அந்த நோட்டின் கடைசி வேலை மட்டும்தான்.

நீங்கள் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தால், ஒரு வேலை செய்து பாருங்கள். போன வருடம் உங்களிடம் வந்தவர்களில் 30 பேர் பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் கேட்டு நீங்கள் 'இல்லை' என்று சொல்லி அனுப்பிய பொருளை எழுதுங்கள். அது வந்து சேர்ந்ததும் ஆளுக்கு ரெண்டு வரி, கையால்.

முப்பது பேர் பெயரும் ஞாபகத்துக்கு வரவில்லை என்றால், முதலில் ஒரு நோட்டு வாங்கிவிடுங்கள்!